எல்லாம் நாரிதான்!

போன கிழமை என் அக்காவின் காலைப் பிடித்து இழுத்தேன். சிரிக்காதீர்கள்... எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. முதல் கோபம் என் மேல்தான்.

அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. கரவெட்டியில் அவருடைய சைக்கிள் போகாத ஒழுங்கை இல்லை. கிணற்றடியில் வழுக்கி வலப்பக்கமாக விழுந்தவர், சுவரைப் பிடித்து எழும்பி நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்னக்கா?"

"நாரி பிடிச்சிட்டுதடா."

நாரி என்றால் எங்கள் ஊரில் முதுகின் அடிப்பக்கம், இடுப்பு. அவ்வளவுதான்! பக்கத்து வீட்டு மணியண்ணை வேப்பெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார்.

"நாரியெண்டா காலை ஒருக்கா இழுத்து விடோணும். டக்கெண்டு சரிவரும்."

யார் இழுப்பது? யூடியூப்பில் இரண்டு வீடியோ பார்த்த நிபுணர் வீட்டிலேயே இருந்தாரே — நான்!

இழுத்தேன். அக்கா போட்ட சத்தத்தில் மணியண்ணை போத்தலைக் கீழே விட்டார். "சரிவந்திட்டுது" என்றேன். என்ன வாய் எனக்கு!

அதற்குப் பிறகு அக்கா அந்தக் காலை ஊன்றவேயில்லை. மூன்று நாள் முதுகின் கீழ்ப்பக்கத்துக்கு எண்ணெய் பூசுவித்தோம்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரி. இளம் பெண் டொக்டர் ஒருவர் கேட்டார்:

"எங்கை நோகுது அம்மா?"

"நாரி, டொக்டர்."

"கையை வைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு தொடையும் வயிறும் சந்திக்கிற மடிப்பில் கையை வைத்தார்.

"உது நாரியோ அம்மா?"

"தம்பி பக்கத்திலை நிக்கிறான்... வேறை என்னெண்டு சொல்லுறது?"

தொடை எலும்பின் மேல்நுனி ஒரு பந்து. இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் அது சுழலுகிறது. பந்துக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. அக்காவுக்கு முறிந்தது அந்தக் கழுத்து. முறிந்தும் விலகாமல் செருகி நின்றிருக்கலாம், இழுத்ததில் விலகியிருக்கலாம் என்றார் டொக்டர். பாதம் வெளிப்பக்கம் சரிந்து, கால் கட்டையாகிக் கிடந்ததை மூன்று நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்!

"அண்டைக்கே வந்திருந்தா ஆணி போட்டுப் பொருத்தப் பாத்திருக்கலாம். இப்ப பந்தையே மாத்தோணும்."

வொலிபோல் ஆடி பின்தொடைத் தசை கிழிந்தால் — நாரி. மோட்டார் சைக்கிளால் விழுந்து இடுப்பெலும்பு வெடித்தால் — நாரி. விலாவுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எங்களுக்கு வேறு உறுப்பே கிடையாதா? கவடு என்று சொல்ல அக்காவுக்கு வெட்கம். எந்த இடம் என்று கேட்க எங்களுக்கு வெட்கம். தெரியாத காலைப் பிடித்து இழுக்க மட்டும் ஒருவருக்கும் வெட்கமில்லை!

நேற்று சத்திரசிகிச்சை முடிந்தது. கண் விழித்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான்.

"நான் நடப்பனோ டொக்டர்?"

"நாளைக்கே எழுப்பி நிக்க வைப்பம். வடிவா நடப்பியள் அம்மா."

அக்கா விரலை என் பக்கம் நீட்டினார். "நடந்தா முதல் வேலை, உவனுக்கு ஒரு உதை."

விழட்டும். ஓங்கியே விழட்டும். ஆனால் நான் இழுத்த அந்த வலக்காலால் விழவேண்டும்.