அக்கா இலையில் வைத்த லட்டு

என் மகள் தனப்பிரியாவின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த எங்கள் அக்கா, சோறு வருவதற்குள் எழுந்து போய்விட்டாள். கூடப் பிறந்தவள் கை நனைக்காமல் போனால் ஊர் என்ன பேசும்? பேசியது. அந்தக் கோபத்தில் நாலு வருஷமாக அக்கா இருக்கும் மேச்சேரிப் பக்கமே நான் போகவில்லை.

அக்கா பேர் வசந்தாமணி. யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரிக்க உட்காருவாள். அவளைச் சுற்றி எப்போதும் சிரிப்புச் சத்தம்தான். அந்த அக்கா இப்போது வாசல் தாண்டுவதில்லை, சர்க்கரை மாத்திரையும் ஒழுங்காகப் போடுவதில்லை என்று அவள் மருமகள் சௌந்தர்யா போனில் அழுதாள். டயர் பட்டறையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

"வாடா ரோசக்காரா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் அக்கா. பாதியாக இளைத்திருந்தாள்.

"சோறு திங்காமப் போனவ நீயி. என்னைச் சொல்றியா?"

அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அன்னிக்கு எலையில லட்டு வெச்சாங்க. எதுத்தாப்பல இருந்து நம்ம செங்கோட்டையன் மாமன், 'அவளுக்குச் சக்கரை, எடுப்பா'ன்னு சத்தம் போட்டாரு. வெச்சவன் எடுத்துட்டுப் போயிட்டான். பந்தியே என்னைத் திரும்பிப் பாத்துது. லட்டுக்கா நான் ஏங்கறேன்? என்ற தம்பி ஊட்டு எலைடா அது. அதுக்கப்பறம் எங்க போனாலும் நான் எத்தனை வாய் திங்கறேன்னு எண்ணறாங்க."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

"ஞாயித்துக்கெழம பனமரத்துப்பட்டியில நம்ம பங்காளி குழந்தைவேல் ஊட்டுப் புதுமனை. பொறப்படு."

"நான் வல்லே."

"அப்ப நானும் இங்கியே கெடக்கறேன். பட்டறைக்கு நீ போயி டயரைக் கழட்டு."

சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஜாங்கிரி வைத்தார்கள். எதிர் வரிசையில் அதே மாமன் வாயைத் திறந்தார். "ஏம்புள்ள வசந்தா, உனக்குத்தான்..."

"மாமா, உங்க எலையைக் காக்கா தூக்கிட்டுப் போகுது. அதைப் பாருங்க" என்றேன்.

பந்தி சிரித்தது. அக்கா நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என் இலையில் தள்ளினாள். "இந்த வாய்க்கு நல்லாத் தின்னு" என்றாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் கை காயும்வரை கதை பேசினாள்.

திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"செவ்வாக்கெழம டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போலாம்னு இருக்கறேன். நீயும் வா சாமி. சக்கரை எத்தனை வந்துதுன்னு மட்டும் கேக்காதே. அது என்ற பாடு, டாக்டர் பாடு. நீ பக்கத்துல உக்காந்து வேற எதையாச்சும் பேசிக்கிட்டு இரு, போதும்."