டயருக்குக் காது குத்தினேன்

படகுகள் இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பக்கவாட்டில் கட்டும் பழைய டயர்களை, திருவொற்றியூரில் என் வீட்டு வாசலில் குவித்து வைத்திருந்தேன். கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் செல்வி, "ண்ணா, மழத்தண்ணி நிக்கிது, கொட்டிடு" என்றாள். "கடலுக்குப் போறவன்கிட்ட கொசுவைக் காட்டி பேஜாரு பண்ணாத, போம்மா" என்று விரட்டினேன்.

அந்த மாதமே என் மகள் டெங்குவில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த செல்வி திட்டவில்லை. "பாப்பா எப்டி கீது?" என்று மட்டும் கேட்டாள். கூனிக் குறுகிப் போனேன்.

அன்றே டயர்களைக் கவிழ்த்தேன். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. இனித் தேங்காதபடி எல்லாவற்றிலும் ஓட்டை போட்டேன். "இன்னா மாமு, டயருக்குக் காது குத்தா?" என்று சிரித்தவர்களின் டயர்களையும் விடவில்லை.

மகள் பிழைத்துவிட்டாள். இந்த மழைக்கும் செல்வி வந்தாள். குப்பத்து டயர்களில் கைவிட்டுப் பார்த்து, "எல்லாம் காஞ்சி கீதுண்ணா" என்றாள். வலை நிறைய மீன் ஏறினாலும் எனக்கு அவ்வளவு பெருமை வராது.