சிமெண்டு பூசிய வெடிப்பு

என் கையிலிருந்த இரும்பு அளவுகோல் முழுவதும் அந்த வெடிப்புக்குள் போய்விட்டது. பின்னால் நின்ற பெரியப்பா சிரித்தார். காரமடைக்கு மேற்கே மலைச்சரிவில் அவர் வாங்கிய நிலம் அது. வீடும் விருந்தினர் அறைகளும் கட்டுவதற்காகச் சரிவின் அடியைப் பொக்லைன் விட்டுச் செங்குத்தாக வெட்டியிருந்தார். வெட்டிய இடத்தில் கருப்புப் பாறை தெரிந்தது. எரிமலைக் குழம்பு பூமிக்குள்ளிருந்து ஏறி, மேலே வந்து சேராமலே இறுகிப்போன கல். கோவையில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்தும் எனக்கு அந்தக் கல்லைப் பற்றிப் பயமில்லை. குளிர்ந்து சுருங்கியபோது அதில் விழுந்த வெடிப்புகள்தான் பயம் தந்தன. வீடு வரப்போகும் பக்கம் பார்த்தே எல்லாம் சாய்ந்திருந்தன. உள்ளே வழவழவென்று களிமண். அடியை வெட்டிவிட்டதால் மேலிருந்த பாறையைத் தாங்க ஒன்றுமில்லை.

அதைச் சொன்னேன். “காலேஜ்ல ரண்டு கல்லப் பாத்துப்போட்டு வந்து என்ற நெலத்துக்குக் குத்தம் சொல்றயா?” என்றார். அப்பா என்னைப் படிக்கவைத்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடித்ததில்லை. அதை நான் மறைத்ததுமில்லை.

அடுத்த முறை கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது வெடிப்புகளையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார். “பெரியப்பா, மழத் தண்ணி வெளிய வர அதுதானுங்க வழி. அடச்சா உள்ளயே நின்னு பாறையத் தள்ளுமுங்க” என்றேன். வந்திருந்த உறவினர் அத்தனை பேர் முன்னாலும், “நல்ல காரியத்துல வாய வெக்காத. இனி இந்தப் படி ஏறாத” என்றார். சாப்பிடாமல் இறங்கி வந்தேன்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பெரியம்மாவை போனில் அழைத்து, எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். அவர் அன்றே பஸ் ஏறி வந்தார். பெரியப்பா வரவில்லை. மறுநாள் காலை அவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பாறை பலகை பலகையாகச் சறுக்கி வந்து சமையலறையை மூடியது. பெரியம்மா வழக்கமாக அந்நேரம் காபி போடும் இடம். தெறித்த கல்லில் பெரியப்பாவுக்குக் கால் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “இவ சொல்லிச் சொல்லியே மலைய எறக்கிப்போட்டா” என்றார். அவர் கட்டிலில் கிடந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. உறவினர்களில் பாதிப் பேர் இன்றும் அவர் சொன்னதையே சொல்கிறார்கள்.

இப்போது அதே இடத்தில் மறுபடியும் கட்டுகிறார். பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறார். சென்ற வாரம் பெரியப்பாவின் கார் தெருவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் இறங்கவில்லை. பெரியம்மா கேட் அருகே போய், கம்பியைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னார்: “கல்லு இன்னும் ஊட்டுப் பக்கமேதானுங்க சாஞ்சிருக்குது. நான் வாரலீங்க.”

கார் கிளம்பும்வரை அவர் அங்கேயே நின்றார்.