ஓர் ஊரின் மரண அறிவித்தல்கள்

அந்தப் பிரெஞ்சு வரலாற்றுப் பேராசிரியை வாழ்நாள் முழுக்கச் செத்தவர்களை வைத்தே பிழைத்தவர். பாரிஸில் பழைய தேவாலயங்களின் சாவுப் பதிவேடுகளைப் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். அதே பதிவேடுகளைக் காட்டி ரொறன்ரோவில் வேலையும் வாங்கினார். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, நான் வேலை செய்த தமிழ் வாரப் பத்திரிகையின் மரண அறிவித்தல்களில் அவர் கண் விழுந்தது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மருமக்கள், பெறாமக்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அவருக்கு அது விருந்து.

ரொறன்ரோவில் தமிழர் நெருங்கி வாழும் சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்து, அயலவர்களிடம் தமிழ் பழகியவர். அவரைவிடப் பத்து வயது இளைய என்னை அண்ணை என்றே கூப்பிடுவார்.

கடைசிப் புத்தகத்தின் முக்கியமான அத்தியாயத்தை அச்சுக்கு முன் என்னிடம் வாசிக்கத் தந்தார். யாழ்ப்பாணத்தில் குறிப்பிட்ட ஓர் ஊரிலிருந்து மட்டும் ஏன் இத்தனை பேர் இங்கே வந்தார்கள் என்பதுதான் கேள்வி. வண்ண வரைபடம் வேறு.

அறிவித்தல்களைத் தட்டச்சு செய்தவன் நான். புதிதாக அடிக்கப் பஞ்சிப்பட்டு, போன வார அறிவித்தலைத் திறந்து பெயரையும் படத்தையும் மாற்றுவேன். ஊரை மாற்றப் பல தடவை மறந்திருக்கிறேன்.

"உது சனம் வந்த கணக்கில்லை, புரொபெசர். நான் மாத்தாமல் விட்டது."

"எத்தினை?"

"தெரியாது."

கண்ணாடியைக் கழற்றினார். "அத்தியாயம் போச்சு. உங்களைக் கொல்லலாம் அண்ணை, ஆனால் உங்கட அறிவித்தலை ஆர் அடிக்கிறது?"

"நீங்களே அடியுங்கோ. ஊரை மட்டும் பாத்துப் போடுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. "ஏன் ஒரு குடும்பமும் பிழை எண்டு சொல்லேல்லை?"

நியாயமான கேள்வி. படம் கறுத்துவிட்டது என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மூத்த மருமகன் பெயர் இரண்டாவதாக வந்ததற்கு ஒருவர் மேசையில் அடித்தார். ஊரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது டொக்டர்மாருக்குப் பேர்போன ஊர்.

பேராசிரியை உடனே தொலைபேசியை எடுத்து, நான் ஓர் அறிவித்தலிலிருந்து சொன்ன நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். நகரின் கிழக்கே மோர்னிங்சைட்டில், செத்தவரின் மகள் எடுத்தாள். அவளுடைய தகப்பனும் நானும் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். எங்கள் ஊரிலிருந்து அந்த டொக்டர்மார் ஊருக்குப் போக இரண்டு பஸ் ஏற வேண்டும்.

"அப்பா பிறந்தது எந்த ஊர், பிள்ளை?"

தயக்கமே இல்லாமல் நான் மாற்றாமல் விட்ட ஊரைச் சொன்னாள்.

"வடிவாத் தெரியுமோ?"

"என்ன கேள்வி அன்ரி? பேப்பரிலேயே போட்டிருக்கு."

பேராசிரியை வரைபடத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுத் தாள் ஒன்றில் அவளுடைய பதிலை எழுதினார். முகம் மலர்ந்திருந்தது.

"அடுத்த நம்பரைச் சொல்லுங்கோ, அண்ணை."