மச்சினன் கொடுத்த வாடகை

"கட்டாயமா கெட்டுத துட்டு எவனுக்கோ போவுது. எனக்கு வரவேண்டியது என் விருப்பமாம். இது எந்த ஊரு நியாயம்லே?"

பிச்சைமணி அண்ணாச்சி இதைச் சொல்லாத நாளில்லை. டீக்கடையில் சொல்வார், சலூனில் முகத்தில் நுரையோடு சொல்வார், கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும்போதும் சொல்வார். அவர் குரலிலேயே சொல்ல வேண்டுமென்றால் மூக்கில் ஆரம்பித்து, 'விருப்பமாம்' என்ற இடத்தில் தொண்டையைக் கரகரக்க விட்டு, கடைசி 'லே'யை எதிரில் இருப்பவரின் டம்ளருக்குள் போட வேண்டும். தென்காசி கார் ஸ்டாண்டில் எங்கள் எல்லோருக்கும் அது வரும்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் பல வருஷம் அடுத்தவருடைய காய்கறி டெம்போவை ஓட்டியவர் அவர். ஒருவழியாக ஒரு பழைய ஏழு சீட்டு வண்டியைச் சொந்தமாக வாங்கி, மனைவி ஆவுடைத்தாயையும் கூட்டிக்கொண்டு, இன்சூரன்ஸ் போட ஏஜெண்ட் மாஜிதாவின் கடைக்குப் போனார். புலம்பல் பிறந்தது அங்கேதான்.

"அண்ணாச்சி, நீங்க ஒருத்தர இடிச்சா அவருக்குக் குடுக்கது தேர்ட் பார்ட்டி. அது இல்லாம வண்டி ரோட்டுல ஏறக்கூடாது, சட்டம். உங்க வண்டி அடிபட்டா உங்களுக்குக் கிடைக்கது வேற. அதப் போடுததும் போடாததும் உங்க விருப்பம்," என்றாள் மாஜிதா.

"நான் எவனையும் இடிக்க மாட்டேனே தாயி."

"இடிக்கலன்னாலும் கெட்டணும்."

"அப்ப இந்த விருப்பத்த விட்டுருவோமா?"

ஆவுடைத்தாய் குறுக்கே வந்தாள். "ரெண்டையும் சேத்துப் போடு மாஜிதா. இவுக மார்க்கெட் தூணு மேலயே டெம்போவ ஏத்துனவுக."

மாஜிதா இன்னொன்றும் சொன்னாள். "இது வெள்ளை போர்டு வண்டி. உங்க வீட்டு ஆளுக போறதுக்குத்தான். வாடகைக்கு ஆள் ஏத்தி அடிபட்டா உங்க வண்டிக்கு ஒண்ணும் வராது அண்ணாச்சி. வாடகைக்கு ஓட்டணும்னா மஞ்ச போர்டுக்கு மாத்திட்டு வாங்க, அதுக்கு இன்சூரன்ஸ் தனி."

"நான் எதுக்கு வாடகைக்கு ஓட்டப் போறேன்?" என்றார் அண்ணாச்சி. அப்போது குற்றாலத்தில் சாரல் சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

சாரல் ஆரம்பித்ததும் அண்ணாச்சிக்குத் தமிழ்நாடு முழுக்கச் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். ரயிலடியில் ஆட்களை ஏற்றுவார். வண்டி இலஞ்சியைத் தாண்டுவதற்குள் பாடம் நடத்திவிடுவார். "செக்கிங்ல யாரும் கேட்டா நான் உங்களுக்குப் பெரியப்பா. எங்க, சேந்து சொல்லுங்க பாப்போம்." மெட்ராஸ்காரர்களுக்கு 'அங்கிள்' போதும். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் மலையாளக் குடும்பத்துக்கு அவர் 'அம்மாவன்'. ஒரு முறை தன்னைவிட மூத்த ஒரு மனிதரைப் 'பெரியப்பா' என்று கூப்பிட வைத்ததில், அந்த மனிதர் அருவி வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

ஆனால் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் இருந்தது நிஜமான சொந்தம். ஆவுடைத்தாயின் தம்பி மணிமுத்து. ராயகிரியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். கூட அவர் மனைவி வேல்விழி. இருவரையும் ஐந்தருவியில் குளிக்க வைத்துக் கூட்டி வந்தார் அண்ணாச்சி. வழியில் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மாப்ள, ஓசி சவாரிக்கு சீட்டு மெத்துன்னு இருக்கா?"

மணிமுத்து மனைவியைப் பார்த்தார். வேல்விழி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு குரங்கு குறுக்கே பாய்ந்தது. அண்ணாச்சி பிரேக்கை மிதிக்க, ஈர ரோட்டில் வண்டி வழுக்கிப் போய்ப் பாலச்சுவரில் முட்டியது. யாருக்கும் காயமில்லை. வேல்விழி மடியிலிருந்த நேந்திரம் சிப்ஸ் முழுக்கக் குரங்குக்குப் போனது. வண்டியின் முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன செலவைக் கேட்டு அண்ணாச்சி அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். இன்சூரன்ஸ் வராவிட்டால் வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டு, மறுபடியும் பாவூர்சத்திரத்தில் அடுத்தவர் டெம்போவுக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான்.

சேதத்தைக் கணக்குப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். முகம்மது ஆசிக் என்ற இளைஞர். வண்டியைச் சுற்றிப் படம் எடுத்தார்.

"வண்டியில யாரு இருந்தா?"

"சொந்தக்காரங்க சார். எம் மச்சினன்."

ஆசிக் சிரிக்கவில்லை. "சீசன்ல நான் பாக்க எல்லா வெள்ளை போர்டுலயும் மச்சினன்தான் அண்ணாச்சி இருக்கான். நம்பரக் குடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு, ராயகிரியிலிருந்த மணிமுத்துவிடம் சாதாரணமாகக் கேட்டார்: "அன்னைக்கு குத்தாலம் போன வண்டிக்கு வாடகை குடுத்தியளா, சும்மாவா போனிய?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். "சும்மா போறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா சார்? கேட்ட வாடகைய எண்ணி வச்சிட்டுத்தான் ஏறுனேன்."

அண்ணாச்சி மறுபடியும் அந்த டயர் மேலேயே உட்கார்ந்தார். அவரை அப்படி நாங்கள் பார்த்ததே கிடையாது. ஒரு சீசன் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களைச் சொந்தம் என்று சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னார், நம்ப ஆளில்லை.

"சார், நாளைக்கு ஒரு வாட்டி வீட்டுக்கு வாங்க. அதுக்கப்புறம் என்ன எழுதணுமோ எழுதிக்கிடுங்க," என்று மட்டும் கேட்டார். ஆசிக் தலையசைத்தார்.

ஆவுடைத்தாய் தம்பிக்குப் போன் செய்தாள். மறுநாள் ஆசிக் வந்தபோது மணிமுத்து ஒரு பை எலுமிச்சையோடு நாற்காலியில் இருந்தார். ஆசிக் உட்காரும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏலே, அத்தானுக்கு எப்பலே வாடகை குடுத்த?"

"யக்கா, உம் புருசன் எம் பொண்டாட்டி முன்னால ஓசின்னு சொல்லலாமா? கேட்டவன்ட்ட நானும் ஓசின்னுதான் சொல்லணுமா?"

"அவுக வாய் அப்படின்னு ஒனக்குத் தெரியாதா? நீ காதுகுத்துக்குக் கொண்டாந்த சீர் சேல ஒரு தண்ணியில வெளுத்துச்சே, நான் எங்கயாவது சொன்னேனா?"

"இந்தா, இப்ப சொல்லுதியே."

"சாருக்குத்தான் சொல்லுதேன். சார், இவங்கூடப் பொறந்தவ நான்."

"எங்கூடவாக்கா பொறந்த? நீதான் மொதல்ல பொறந்த."

ஆவுடைத்தாய் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டினாள். பெரிய மாலைக்குள் பிச்சைமணி, அவர் பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு முறைத்துக்கொண்டு ஒரு பையன். "அதுல மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கியே, அதுக்கும் வாடகை குடுத்துட்டுத்தான் நின்னியாலே?"

ஆசிக் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் அதே முகத்தோடு இருந்த மணிமுத்துவைப் பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார். "வாடகைக்கு வந்தவங்க இப்படிச் சண்ட போட மாட்டாங்க," என்று சொல்லி, மணிமுத்துவிடம் நடந்ததை நடந்தபடி எழுதி வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் அண்ணாச்சியிடம் தணிவாகச் சொன்னார்: "மத்த ஞாயித்துக்கெழமைல ஏதாச்சும் ஒண்ணுல முட்டியிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது, தெரியும்லா?"

"தெரியும் சார்," என்றார் அண்ணாச்சி. எலுமிச்சைப் பையை அவர் கையில் கொடுக்கப் பார்த்தார். ஆசிக் வாங்கவில்லை.

இன்சூரன்ஸ் பணம் வந்தது, வண்டி சரியாகி வந்தது. அண்ணாச்சி அதை மஞ்சள் போர்டுக்கு மாற்றினார். புது இன்சூரன்ஸ் போட மாஜிதாவின் கடைக்குப் போனபோது மணிமுத்துவும் உடன் இருந்தார். எலுமிச்சை ஏற்ற 'சின்ன யானை' லோடு வண்டி ஒன்று வாங்கப் போகிறாராம், விசாரிக்க வந்தார். மாஜிதா, "கட்டாயம் போக, விருப்பத்துல இஞ்சினுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, சாவி தொலைஞ்சா ஒண்ணு இருக்கு. எதெதுக்குப் போடட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி மச்சினனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். மூக்கில்தான் ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் போடு தாயி, கட்டாயம் ஊருக்கு, விருப்பம் எனக்கு, இனி அதப்பத்தி நான் வாயத் தொறக்கல. ஆனா இந்தா நிக்கானே எம் மாப்ள, இவன் வாய்க்கு எந்தக் கம்பெனிக்காரனாவது போடுதானான்னு பாரு; அதமட்டும் விருப்பத்துல வைக்காத, கட்டாயத்துல எழுது."