மருத்துவமாதுவின் பாறைச் சப்பாத்து

வவுனியாவில் ஞாயிறுகளில் பாறை ஏறும் எங்கள் சிறு குழுவில், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது ஒருவர் இருந்தார். கட்டையான உருவம், தடித்த மூக்குக்கண்ணாடி. யாருடைய காலைக் கண்டாலும் பெருவிரலால் அழுத்தி வீக்கம் பார்ப்பார். எனக்கும் அவருக்கும் ஒரே அளவுக் கால். அதுவே எனக்கு ஒரு குறை.

கொழும்பிலிருந்து எங்கள் அளவில் பாறை ஏறும் சப்பாத்து இரண்டு சோடி வந்தபோது, அதைப் பற்றி நிறைய வாசித்தவன் என்ற உரிமையில் நான் முதலில் எடுத்தேன்: நுனி வளைந்து, விரல்களை இறுக்கும் அழகான சோடி. மிஞ்சிய தட்டையான சோடியை அவர், வீடு வீடாக நடந்து கால் வீங்கிய மாலையில் போட்டுப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் பாறை வெடிப்புக்குள் காலைச் செருகி, கதிரையில் இருப்பவர்போல ஆறுதலாக நின்று, கயிற்றுக்கான ஆப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். நான் கீழே சப்பாத்தைக் கழற்றி விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் இறங்கியதும் கேட்டேன். "மிஸ், சோடியை மாத்துவமோ?"

"ஏன் சேர், நீங்கதானே எல்லாம் வாசிச்சுப் போட்டு எடுத்தனீங்கள்?" என்றவர் குனிந்து என் காலை அழுத்தினார். "ஐயோ, வீக்கம், அழுத்தின இடத்தில குழி விழுகுது! சப்பாத்துக் கதையை விடுங்கோ. பிரஷர் பாக்காமல் இனி ஏறக்கூடாது."

பார்த்தேன். பிரஷர் சரியாகவே இருந்தது. அன்று அவர் காப்பாற்ற நினைத்தது என் உயிரையா, தன் சப்பாத்தையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.