மாமா முத்திரை குத்தாத பகடை

என் அக்கா வீட்டுக்காரர் எடை அளவை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. இருபத்திரண்டு வருடம் அதையே செய்ததில், யாரைப் பார்த்தாலும் அவருக்குத் திருட்டுத் தராசு ஞாபகம்தான் வரும். அக்கா வாங்கி வரும் சர்க்கரையைக்கூட எடை போட்டுவிட்டுத்தான் டப்பாவில் கொட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுதான் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து அக்கா கதை சொல்வாள். மாமா, நான், எதிர்வீட்டு நர்ஸம்மா மூவரும் அதில் வீரர்கள். ஏழு வருடமாக ஒரே கதை. கதவு உடையுமா, பூதம் சாகுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால்தான் காரியம் நடக்கும். மாமாவுக்கென்று ஒரு சிவப்புப் பகடை உண்டு. அதை யாரையும் தொடவிட மாட்டார்.

நர்ஸம்மாவுக்கு வெளியூர் மாற்றல் வந்தது. இணையத்தில் மாதச் சந்தா கட்டினால் அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம், வரைபடமும் பகடையும் திரையிலேயே வரும் என்றேன். இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். மாமா மசியவில்லை. சந்தாவை நிறுத்தினால் கம்பெனிக்காரன் நம் வீரர்களைப் பூட்டி வைத்துக்கொள்வான் என்றார்.

"கண்ணுக்குத் தெரியாத பகடைய எவன் உருட்டுறான்னு யாருக்குத் தெரியும்?"

நர்ஸம்மா முகம் வாடிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் இலவசம்தானே, சோதித்துப் பாருங்களேன் என்றாள் அக்கா. மாமா தினமும் வேலைவிட்டு வந்ததும் உட்கார்ந்து, திரைப் பகடையை இரண்டாயிரம் முறை உருட்டி நோட்டில் கோடு போட்டார். எல்லா எண்ணும் ஏறக்குறைய சமமாகவே வந்தது. அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தன் சிவப்புப் பகடையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஒழுங்கான பகடை என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு முகம் மேலே வரும். இது எத்தனை முறை அமுக்கிவிட்டாலும் இருபதையே காட்டியது.

அன்று அவர் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகடை மிதக்கும் உப்புத் தண்ணீர் டம்ளரோடு வந்து, தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"எங்களுக்கு ரெண்டாவது மாசமே தெரியும்ணே," என்றாள் நர்ஸம்மா. "அதனாலதான் கஷ்டமான கதவையெல்லாம் உங்க கையில விட்டோம்."

எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயுமாடா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

"ஒரு மாசம் கட்டு, பாக்கலாம். அந்தத் திரைப் பகடைக்கு நம்ம யாரையும் தெரியாது. உங்களைத்தான் இனிமே நம்ப முடியாது," என்றார் மாமா.

நர்ஸம்மா ஊர் மாறிப் போன பிறகு, முதல் ஞாயிறு திரையில் கூடினோம். முதல் கதவுக்கே மாமாவுக்கு மூன்று விழுந்தது. கதவு அசையவில்லை. அந்த மூன்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, அடுத்த மாசத்துக்கும் கட்டிடு," என்றார்.